ஓவியங்களில் வில்லும் அம்பும்: வரைபவர்களும் பார்ப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வரலாற்று நாவல்களின் அட்டை, பாடநூல், சித்திரக்கதை, கணினி விளையாட்டு என எங்கும் வில்லாளிகளின் உருவங்களைக் காண்கிறோம். அவற்றில் உடையையும் கவசத்தையும் அக்கறையோடு ஆராய்ந்து வரைந்த ஓவியர்கள்கூட வில்லை மட்டும் நினைவிலிருந்து வரைந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அப்படி வரையப்படும் வில்லில் ஒரு நாட்டின் வடிவமும் இன்னொரு நாட்டின் பிடிமுறையும் இன்றைய விளையாட்டுக் கருவியின் உறுப்பும் கலந்துவிடுகின்றன. வில், நாண், அம்பு, தூணி, விரல் பிடிக்கும் முறை ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தவை என்பதால், ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து வேறிடத்தில் ஒட்ட முடியாது. இந்த எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டே கீழ்வரும் விடைகள் எழுதப்பட்டுள்ளன.

ஒரு படத்தில் உள்ள வில் சரியானதா என்று எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

காலத்தையும் நாட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில், அந்த வில்லால் அம்பு எய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். இழுக்கும்போது வளைவது வில்தான், நாண் நீள்வதில்லை. ஆனால் பெரும்பாலான படங்களில் வில் அசையாமல் நிற்க, நாண் ரப்பரைப் போல நீண்டு வில்லாளியின் காது வரை வருகிறது.

இதை ஓர் எளிய கணக்கால் சோதிக்கலாம். நாண் ஏற்றிய நிலையில் 194 செ.மீ. நீளமுள்ள நாணைக் கொண்ட ஒரு பெரிய வில்லை எடுத்துக்கொள்வோம். பிடியிலிருந்து நாண் 16 செ.மீ. தொலைவில் இருக்கிறது, வில்லாளி அதை 76 செ.மீ. வரை, அதாவது மேலும் 60 செ.மீ., பின்னுக்கு இழுக்கிறார். வில்லின் இரு முனைகளும் இருந்த இடத்திலேயே இருந்தால் நாணின் நீளம் ஏறத்தாழ 228 செ.மீ. ஆகியிருக்க வேண்டும். சணலோ ஆளிநாரோ ஓரடிக்கு மேல் நீளாது. ஆகவே இரு முனைகளும் பின்னோக்கி வந்து, ஒன்றையொன்று நெருங்கியே தீர வேண்டும். ஓவியர் முதலில் நாண் ஏற்றிய வில்லைத் தனியே வரைந்து நாணின் நீளத்தை அளந்துகொண்டு, இழுத்த நிலையில் அந்த நீளத்தையே இரு கோடுகளாக முனையிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து மறுமுனைக்கும் இட்டால் இந்தப் பிழை நேராது.

எந்தக் காலத்து வில் என்பதில் நேரும் பிழையைவிட இந்தப் பிழையையே நான் பெரிதாகக் கருதுகிறேன். நூறு ஆண்டு முன்பின்னாக வரைந்த வில் ஒரு தகவல் பிழை. எய்யவே முடியாத வில்லோ, அதை ஏந்தி வாழ்ந்த மனிதரின் திறமையையே படத்திலிருந்து அகற்றிவிடுகிறது.

நாண் கழற்றிய வில் எப்படி இருக்கும்?

பயன்படுத்தாத நேரத்தில் வில்லின் நாணைக் கழற்றி வைப்பதே பல நாடுகளிலும் வழக்கம். இல்லையேல் மரம் வளைந்த நிலைக்குப் பழகி விசையை இழந்துவிடும். எனவே பாசறைக் காட்சியிலும் நெடும்பயணக் காட்சியிலும் எல்லா வில்களையும் நாணேற்றியே வரைவது பொருந்தாது. ஒரே மரத்தில் செய்த நெடுவில் நாண் கழற்றியதும் ஏறத்தாழ நேரான கோலாகிவிடும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது ஊன்றுகோல் போலவே தெரியும். கொம்பும் தசைநாரும் சேர்த்துச் செய்த கூட்டு வில்லோ, நாண் கழற்றியதும் எதிர்ப்பக்கமாக வளைந்துகொள்ளும். சில துருக்கிய வில்கள் அந்நிலையில் ஏறக்குறைய வட்டமாகவே சுருண்டுவிடும். நாணேற்றிய வடிவத்தை வரைந்து அதிலிருந்து நாணை மட்டும் அழித்துவிட்டால் இவற்றுள் எதுவும் கிடைக்காது.

அம்பு வில்லின் எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்?

வில்லாளி நாணை எப்படிப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தது இது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிப் படங்கள் திருந்திவிடும்.

மேற்கு ஐரோப்பாவில் சுட்டுவிரல், நடுவிரல், பல வேளைகளில் மோதிர விரலும் சேர்த்து நாணைக் கொக்கி போல வளைத்து இழுத்தார்கள். அந்தப் பிடியில் வலக்கையால் இழுப்பவருக்கு அம்பு வில்லின் இடப்பக்கத்தில், வில்லைப் பிடித்த இடக்கையின் விரல்முட்டியின் மேல் அமரும். மங்கோலியா, சீனா, கொரியா, துருக்கி, பாரசீகம், முகலாய இந்தியா ஆகிய நாடுகளில் கட்டைவிரலை நாணில் மடக்கி, அதன்மேல் சுட்டுவிரலைப் பூட்டாக வைத்து இழுத்தார்கள். அங்கு வலக்கையால் இழுப்பவருக்கு அம்பு வில்லின் வலப்பக்கத்தில், இடக்கைக் கட்டைவிரலின் மேல் அமரும்.

இந்த வேறுபாடு வெறும் பழக்கத்தால் வந்ததன்று. விரல்கள் நாணைப் பிடிக்கும்போது நாண் ஒரு பக்கமாகச் சிறிது முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கு அம்பை வில்லோடு சேர்த்து அழுத்த வேண்டும். பக்கத்தை மாற்றினால் அதே முறுக்கு அம்பை வில்லிலிருந்து விலக்கித் தள்ளும். குதிரை பாயும்போது அம்பு கீழே விழுந்துவிடும். ஆகவே மங்கோலிய வீரர் மூன்று விரல்களால் நாணை இழுப்பதாக வரையும் ஓவியர், அவரது கையிலிருந்து குதிரைமீது எய்யும் கலையையே பறித்துவிடுகிறார்.

கட்டைவிரலால் இழுத்தவர்கள் விரலைக் காக்க ஒரு வளையம் அணிந்தார்கள். எலும்பு, கொம்பு, தந்தம், உலோகம், பச்சை மணிக்கல் என அது பல பொருள்களில் செய்யப்பட்டது. முகலாய அரண்மனைக்காகச் செய்த மணிக்கல் வளையங்களில் பொற்கம்பியும் மாணிக்கமும் பதித்திருப்பதை அருங்காட்சியகங்களில் காணலாம். சிற்றரசர் ஒருவரின் உருவப்படத்தில் அந்த வளையத்தை மற்ற மோதிரங்களோடு சேர்த்து விரலின் அடியில் வட்டமாக வரைந்துவிடுகிறார்கள். நாணைப் பிடிப்பதற்கான உதடு போன்ற நீட்சி அதில் உண்டு. எய்யும்போது அந்த நீட்சி கட்டைவிரலின் உட்பக்கத்தில் இருக்க வேண்டும்.

இடைக்கால இங்கிலாந்தின் நெடுவில்லை வரைய எதை ஆதாரமாகக் கொள்வது?

ஹென்றி எட்டாம் மன்னரின் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மத்துக்கு அருகே மூழ்கியது. 1982 அக்டோபர் 11 அன்று அதன் உடல் கடலிலிருந்து தூக்கப்பட்டது. அதனோடு தொடர்புடைய அகழாய்வில் 172 வில்களும் 3,500 அளவிலான அம்புகளும் கிடைத்தன. இடைக்கால இங்கிலாந்து வில்கள் வேறெங்கும் இவ்வளவு எண்ணிக்கையில் எஞ்சவில்லை. அதனால் இதற்கு முன்னிருந்த ஊகங்கள் பலவற்றை இக்கப்பல் முடித்து வைத்தது. கப்பல் மூழ்கிய காலம், இங்கிலாந்து வில்லாளிகள் பிரெஞ்சுப் படையை முறியடித்த கிரெசிப் போருக்கு (1346) ஏறத்தாழ 200 ஆண்டும் அஜின்கோர்ட் போருக்கு (1415) 130 ஆண்டும் பிந்தியது என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் அந்தப் போர்களை வரைபவருக்கு இதைவிட நெருக்கமான பொருட்சான்று கிடையாது.

அந்த வில்கள் யூ (yew) என்ற ஊசியிலை மரத்தால் ஆனவை. நீளம் ஏறத்தாழ 1.87 மீட்டர் முதல் 2.11 மீட்டர் வரை, அதாவது பெரும்பாலும் அதை ஏந்தியவரின் உயரத்தைவிட அதிகம். திரைப்படத்தைப் பார்த்து வரைபவர்கள் அதை மார்பளவுக்குக் குறுக்கிவிடுகிறார்கள். யூ மரத்தின் வெளிறிய வெளிமரம் இலக்கை நோக்கிய பக்கத்திலும், செந்நிற உள்மரம் வில்லாளியை நோக்கிய பக்கத்திலும் இருக்கும். வெளிமரம் இழுவிசையையும் உள்மரம் அழுத்தத்தையும் தாங்குகின்றன. எனவே பக்கவாட்டிலிருந்து வரையும் நெடுவில்லில் இருநிறக் கோடு நீளமாக ஓட வேண்டும். முனைகளில் நாணை மாட்டக் கொம்பாலான சிறு உறைகள் இருந்தன. மரத்தில் வெளிறிய தடமாக அவை இருந்த இடம் தெரிகிறது.

நடுவில் தோல் சுற்றிய பிடியோ, அம்பை வைக்க வெட்டிய மேடையோ அவ்வில்களில் இல்லை. தோல் பிடி மிகப் பிற்காலத்து விளையாட்டு வில்லின் வழக்கம். ஓவியத்தில் அழகுக்காகச் சேர்க்கும் இந்த ஒரு சிறு பட்டையே, படம் எந்தக் காலத்து வில்லைப் பார்த்து வரையப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல யூ மரம் இங்கிலாந்தில் போதவில்லை என்பதால் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்து அது வந்தது. 1472இல் இயற்றிய சட்டம், வணிகக் கப்பல்கள் சரக்கின் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்தண்டுகள் கொண்டுவர வேண்டும் என்றது. துறைமுகக் காட்சியை வரையும் ஓவியருக்கு, கட்டுக் கட்டாக இறக்கப்படும் வில்தண்டுகள் அரண்மனை விருந்தைவிட மெய்யான பின்னணியாக அமையும்.

அந்த வில்லின் அம்பு எப்படி இருந்தது?

அம்பை ஒரு கோடாக வரைந்து முனையில் முக்கோணமும் மறுமுனையில் இரு சிறகும் சேர்ப்பது எல்லோருக்கும் கைவந்துவிட்டது. மேரி ரோஸில் கிடைத்த ஓர் அம்பை அருகிலிருந்து பார்த்தால் எவ்வளவு விடுபடுகிறது என்பது புரியும்.

தண்டு பெரும்பாலும் பாப்லர் மரம். பிற மரங்களும் உண்டு. நீளம் முக்கால் மீட்டர் அளவு. பருமன் சிறுவிரலுக்கு நெருங்கியது, இன்றைய விளையாட்டு அம்பைவிடத் தெளிவாகத் தடித்தது. நாண் பொருந்தும் அடிப்பகுதியில் வெட்டிய குதைக்குக் குறுக்காக ஒரு நீண்ட பிளவு இருக்கிறது. அதில் மெல்லிய கொம்புத் துண்டைச் செருகியிருந்தார்கள். இல்லையென்றால் அந்த வலிய வில்லின் நாண் தண்டைப் பிளந்துவிடும். இறகுகள் கடலில் மக்கிவிட்டன. ஆனால் அவை இருந்த இடத்தில் செம்பு கலந்த பச்சை நிறப் பசைப்பூச்சும், அதன்மேல் நூலைத் திருகு சுழலாகச் சுற்றிய தடமும் எஞ்சியிருக்கின்றன. இறகு மூன்று, ஒவ்வொன்றின் நீளமும் 15 செ.மீ. அல்லது அதற்கு மேல். எனவே வண்ணப் படத்தில் இறகடியில் பச்சை படர்ந்திருப்பதும் நூல் வரிகள் தெரிவதும் கற்பனை அலங்காரம் அன்று.

இறகு வாத்தினத்தைச் சேர்ந்த பெரிய பறவைகளின் சிறகிலிருந்து எடுக்கப்பட்டது. 1417இல் ஐந்தாம் ஹென்றி ஒவ்வொரு கூஸ் வாத்திலிருந்தும் ஆறு இறகுகளைத் திரட்டும்படி மாவட்ட அலுவலர்களுக்கு ஆணையிட்டார். ஆகவே படை முழுவதையும் கழுகு இறகும் மயிலிறகும் செருகிய அம்புகளோடு வரைவது பொருந்தாது. முனைகளைப் பொறுத்தவரை, பெரிய முள்ளோடு அகன்ற முனை வேட்டைக்கும் குதிரையை வீழ்த்தவும் உரியது. போர்க்களத்தில் குறுகிய ஊசி முனைகளும் சிறிய முள்முனைகளும் மிகுதியாக இருந்தன.

தூணி முதுகிலா, இடுப்பிலா?

முதுகில் தூணி என்பது வரலாற்றில் இல்லாததன்று. அசீரியச் சிற்பங்களில் காலாள் வில்லாளிகள் முதுகில் தூணி சுமக்கிறார்கள்; இந்தியச் சிற்ப மரபிலும் தோளுக்குப் பின்னால் தூணி உண்டு. பிழை எங்கே வருகிறதென்றால், ராபின் ஹூட் திரைப்படங்களில் கண்ட முதுகுத் தூணியை உலகின் எல்லா வில்லாளிகளுக்கும் பொதுவாக்கும்போதுதான்.

இடைக்கால இங்கிலாந்தின் போர் வில்லாளி 24 அம்புகளை ஒரு கட்டாகப் பெற்றார். மேரி ரோஸில் 24 துளைகளிட்ட வட்டத் தோல்கள் கிடைத்தன. ஒவ்வொரு துளையிலும் ஓர் அம்பாக நின்றதால் இறகுகள் ஒன்றோடொன்று உரசி நசுங்கவில்லை. அந்தத் தோலோடு துணிப்பை இணைந்திருந்தது. எய்யும் நேரத்தில் அம்புகளை இடுப்புக் கச்சையில் செருகியோ தரையில் குத்தியோ வைத்துக்கொண்டதைச் சமகால ஓவியங்கள் காட்டுகின்றன. நடு ஆசியக் குதிரை வீரர் வில்லுறையை இடப்பக்கமும் அம்புத் தூணியை வலப்பக்கமும் இடுப்பில் கட்டினார். குதிரை ஓட்டத்தில் முதுகிலிருந்து அம்பை உருவுவதைவிட இடுப்பிலிருந்து உருவுவது எளிது.

வில்லாளியின் இரு முன்கைகளிலும் தோலுறை கட்டலாமா?

கூடாது. வில்லைப் பிடித்த கையின் உட்புறத்தை நாண் அடிக்காமல் காக்கவே அது கட்டப்பட்டது. மேரி ரோஸில் கிடைத்தவை பெரும்பாலும் சிறிய தோல்பட்டைகள். மணிக்கட்டுக்கு மேல் ஒரு வாரால் கட்டக்கூடியவை. முழங்கை வரை கயிறு பின்னிய இரட்டை உறை இக்காலத் திரைப்பட உடையலங்காரம்.

வரிசையாக நின்று நாணை இழுத்துப் பிடித்தபடி ஆணைக்குக் காத்திருக்கும் படையை வரையலாமா?

மேரி ரோஸ் வில்களை ஆய்ந்தவர்கள், அவற்றை முழுவதும் இழுக்க 100 முதல் 185 பவுண்டு, அதாவது 45 முதல் 84 கிலோ, விசை தேவைப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டுள்ளனர். இன்றைய ஒலிம்பிக் வீரர்களின் வில் 50 பவுண்டை ஒட்டியது. 45 கிலோவை விரல் நுனியில் நிறுத்திக்கொண்டு யாரும் ஆணைக்குக் காத்திருக்க முடியாது. இழுப்பதும் விடுவதும் ஏறத்தாழ ஒரே தொடர் அசைவு. எனவே ஒரு படையை வரையும்போது ஒருவர் அம்பைப் பொருத்த, ஒருவர் பாதி இழுத்திருக்க, ஒருவர் விட்டுவிட்டுக் கை பின்னால் சென்றிருக்க, ஒருவர் குனிந்து அடுத்த அம்பை எடுக்க என்று பல நிலைகளைக் கலப்பதே உண்மைக்கு நெருக்கமானது. ஓவியத்துக்கும் அதுவே உயிர் கொடுக்கும்.

உடல் நிலையிலும் இதே கவனம் தேவை. ஒலிம்பிக் வீரர் நிமிர்ந்து நின்று நாணைத் தாடையின் கீழ் பொருத்துகிறார். கனமான போர் வில்லை இழுப்பவர் இடுப்பைத் தாழ்த்தி, முதுகுத் தசைகளைச் சேர்த்து, வில்லுக்குள் தன் உடலைச் செலுத்துவது போல நின்று, காதருகே நாணைக் கொண்டுவருகிறார். மெல்லிய கைகளும் நேர் முதுகும் கொண்ட உருவத்திடம் இரண்டு மீட்டர் வில்லைக் கொடுத்தால் அது பொருந்தாது.

தீ அம்புகள்?

முற்றுகைகளில் கூரைகளையும் கப்பல்களையும் எரிக்கப் பயன்பட்டன. முனைக்குப் பின்னே கூண்டு போன்ற இரும்பு அமைப்பில் எரிபொருள் தோய்த்த நாரை அடைத்தார்கள். திறந்த வெளிப் போரில் ஆள்மீது மழையாகப் பொழிய அவற்றால் பயன் குறைவு.

மங்கோலிய, துருக்கிய, எகிப்திய வில்கள் எல்லாமே ஒரே கூட்டு வில்தானே?

அடிப்படை ஒன்றே: நடுவில் மரம், வில்லாளியின் பக்கம் கொம்பு, இலக்கின் பக்கம் தசைநார், இவற்றை இணைக்கும் விலங்குப் பசை. ஆனால் உருவம் ஒன்றன்று. பழைய எகிப்திலும் அசீரியாவிலும் இருந்த கோண வில், நாண் ஏற்றியதும் நடுவில் மடிந்து முக்கோணம் போலத் தோன்றும். இழுத்த பிறகே அது வில்வளைவைப் பெறும். துருக்கிய வில் குட்டையானது, முனைகள் மெல்ல முன்னோக்கி வளைபவை. பிற்காலச் சீனத்து மஞ்சூ வில்லோ நீண்டது. அதன் முனைகள் நீளமான விறைத்த நெம்புகோல்கள். நாண் வந்து அமரச் சிறு கட்டைகள் அவற்றின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். செங்கிஸ் கானின் வீரர் கையில் பெரும்பாலான படங்கள் தரும் வில் இந்த மஞ்சூ வகைதான். அது பல நூற்றாண்டு பிந்திய வடிவம்.

ஈரக் காற்று அந்தப் பசைக்குப் பகை. இந்தியாவில் முகலாயர் காலத்திலும் அதன் பின்னரும் கூட்டு வில்லின் உருவத்திலேயே எஃகால் வில்கள் செய்தார்கள். அவற்றுள் பல இன்றும் இருக்கின்றன. மரவில்லைப் போல விசை தராவிட்டாலும் கோட்டைக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருந்தது அவற்றின் சிறப்பு. முகலாயர் காலக் கோட்டைக் காட்சியில் எஃகு வில் மாட்டிய சுவரை நான் இன்னும் எந்த ஓவியத்திலும் கண்டதில்லை.

ஜப்பானிய வில்லில் கவனிக்க வேண்டியது எது?

பிடிக்கும் இடம். இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்த வில்லை நடுவில் பிடிப்பதில்லை. அடியிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் பிடிப்பார்கள். மேல்பகுதி நீண்டும் கீழ்ப்பகுதி குறுகியும் இருக்கும். அம்பு வலப்பக்கம், இழுப்பது கட்டைவிரலால்.

கற்கால வில்லை முரட்டுக் குச்சியாக வரைவது சரியா?

1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஐயாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஓட்சி என்னும் மனிதரின் உடைமைகள் இதற்கு விடை தருகின்றன. அவரிடம் 1.82 மீட்டர் நீளமுள்ள, இன்னும் செதுக்கி முடிக்காத யூ வில் இருந்தது. தோல் தூணியில் 14 அம்புகள். அவற்றுள் இரண்டு மட்டுமே எய்யத் தயாரானவை. அந்த இரண்டிலும் மூன்று இறகுகளைப் பிர்ச் மரப்பிசினால் ஒட்டி நூலால் சுற்றியிருந்தார்கள். இறகை இப்படி ஒட்டிச் சுற்றும் முறை மேரி ரோஸ் காலம் வரை பெரிதாக மாறவில்லை. பட்டையோடு வளைத்த கிளையைக் கற்கால மனிதர் கையில் கொடுப்பது அவர்களின் கைத்திறனுக்கு நாம் செய்யும் அநீதி.

பழைய ஓவியங்களையும் சிற்பங்களையும் அப்படியே நகலெடுத்தால் போதாதா?

போதாது, ஏனெனில் அக்காலத்து ஓவியர்களும் தம் மரபுக்குக் கட்டுப்பட்டவர்கள். நார்மானியர் இங்கிலாந்தை வென்றதைத் தையலால் சித்தரிக்கும், 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பேயோ திரைச்சீலையில் வில்கள் சிறியனவாகவும் மார்பு வரை இழுக்கப்படுவனவாகவும் உள்ளன. அதைக்கொண்டு நார்மானியர் குறுவில்லையே பயன்படுத்தினர் என்று முடிவுகட்டுவது ஆபத்தானது. அதே சீலையில் மனிதர்களும் கோட்டைகளும் அளவு பொருந்தாமலே தைக்கப்பட்டிருக்கிறார்கள். குறுகிய பட்டையின் உயரத்துக்குள் நீண்ட வில் அடங்கவும் அடங்காது. 14ஆம் நூற்றாண்டின் லட்ரெல் திருப்பாடல் சுவடியில் ஊரார் வில் பயிலும் சிறு படமோ, தடித்த வில், கச்சையில் செருகிய அம்பு, காதருகே வரும் கை என்று செயல்முறையை நன்கு காட்டுகிறது.

ஒரு நல்ல ஊற்று பலர் நினைவுக்கு வருவதில்லை. புனித செபாஸ்தியான் அம்புகளால் துளைக்கப்படும் காட்சியை 15ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் பலமுறை தீட்டினார்கள். தம் ஊரில் தினமும் கண்ட வில்லாளிகளையே கொலையாளிகளாக நிறுத்தினார்கள். ஹான்ஸ் மெம்லிங் தீட்டிய படத்திலும், லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள பொல்லாயுவோலோ உடன்பிறப்புகளின் படத்திலும் வில்லின் வளைவையும் குனிந்து கருவியை ஆயத்தம் செய்பவரின் உடலையும் நிதானமாகப் பார்க்கலாம். எஞ்சிய பொருளை முதலிலும், ஓவியத்தை அடுத்தும், எழுத்துச் சான்றை மூன்றாவதாகவும் வைத்து ஒன்றோடொன்று ஒத்துப் பார்ப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

சங்க கால வில்லாளியையும் சோழர் கால வில்லாளியையும் எப்படி வரைவது?

மரமும் நாரும் நம் மண்ணில் நெடுங்காலம் தாங்குவதில்லை என்பதால், மேரி ரோஸ் போன்ற ஒரு பெருங்குவியல் நமக்கு வாய்க்கவில்லை. ஆயினும் சான்றுகளே இல்லை என்று சொல்லி ஐரோப்பிய வில்லையோ மங்கோலிய வில்லையோ தமிழ் மறவர் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

இந்திய வில்லைப் பற்றி வெளியார் எழுதியவை முதற்சான்று. கிரேக்கத்தின்மீது படையெடுத்த பாரசீக மன்னர் செர்க்சஸின் படையில் வந்த இந்தியர் பருத்தி உடை அணிந்து, மூங்கில் போன்ற நாணல் வில்லும் இரும்பு முனையுள்ள நாணல் அம்பும் வைத்திருந்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் கூறுகிறார். அலெக்சாந்தரோடு வந்த கடற்படைத் தலைவர் நியார்க்கஸின் குறிப்பைத் தழுவிப் பிற்காலத்தில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன், இந்தியக் காலாளின் வில் அவரது உயரத்துக்கு நிகரானது என்றும், அதைத் தரையில் ஊன்றி இடக்காலால் அழுத்தி நாணை இழுத்தார் என்றும், அம்பு மூன்று முழத்துக்குச் சற்றே குறைந்தது என்றும் சொல்கிறார். இவை வடமேற்கு இந்தியாவைப் பற்றியவை. அர்த்தசாஸ்திரம் பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகியவற்றாலான வில்களைத் தனித்தனியே குறிப்பிடுகிறது. பனைமரத்தின் வைரம் எத்தகையது என்று தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. தென்னாட்டு வில்லாளிக்குக் கருநிறப் பனைவில்லோ வெளிர்மஞ்சள் மூங்கில்வில்லோ தருவது பொருத்தமான தேர்வு.

உள்நாட்டுச் சான்றுகளில் சேரர் காசுகளின் வில்லும் அம்பும் முதலிடம் பெறும். ஆனால் அது இலச்சினை, அளவுப்படம் அன்று. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே கணை யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி உடும்பில் தைத்ததாகப் புறநானூற்றின் 152ஆம் பாடல் கூறுகிறது. அதிலிருந்து வில்லின் வலிமைக்கு அவர்கள் தந்த மதிப்பை அறியலாம்; அதன் வடிவத்தை அறிய முடியாது. வடிவத்துக்குச் செங்கம் பகுதி நடுகற்களே சிறந்தவை. ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக நிற்கும் அந்த வீரர்கள் அரசவைச் சிற்பியின் அலங்காரத்துக்கு உட்படாத ஊர்க்காவலர்கள். எளிய ஒற்றை வளைவு வில்லும் இறுக்கிக் கட்டிய இடையாடையும் அவர்களுடையவை.

சோழர் காலத்துக்குத் தஞ்சைப் பெரிய கோயில் இரு வகையில் உதவும். அதன் கல்வெட்டுகள் பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள் போன்ற படைப்பிரிவுகளைப் பெயரிடுகின்றன. எனவே வில்லாளியர் தனிப்பயிற்சி பெற்ற படையாக நின்றனர் என்பது உறுதி. உட்சுற்றுச் சுவரில் திரிபுரங்களை எரிக்க வில்லேந்தி நிற்கும் சிவனின் ஓவியம் அக்காலத்துத் தஞ்சை ஓவியர் வில்லை எப்படிக் கண்டார் என்பதைக் காட்டுகிறது. காலை அகற்றி ஒரு முழங்காலை மடித்து நிற்கும் அந்த வில்லாளி நிலையை நம் ஓவியர்கள் ஒலிம்பிக் நிலைக்கு மாற்றாகத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் நாட்காட்டிகளில் வரும் இராமர் படங்கள் தவறா?

அவற்றை இந்த அளவுகோலால் அளக்கக் கூடாது. பொன்னிறத்தில் இருமுறை வளைந்த கோதண்டம் வழிபாட்டு மரபுக்கு உரியது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் இராமரின் கை வில்லைப் பற்றும் பாவனையில் மட்டுமே வார்க்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். சிக்கல் எழுவது, அந்தக் கோதண்டத்தை வரலாற்றுப் பாடநூலில் வேளிர் படை வீரருக்குக் கொடுக்கும்போதுதான்.

இக்காலப் பொருள்கள் எவை அறியாமலே படத்தில் நுழைகின்றன?

நெகிழியால் ஆன சிறு இறகுகளும் வழவழப்பான நெகிழிக் குதையும் முதலாவது. வில்லின் நடுவில் அம்புக்காக ஆழமாக வெட்டிய சன்னல் இரண்டாவது. கண்ணாடி இழை ஒட்டிய 20ஆம் நூற்றாண்டு வில்களின் அடையாளம் அது. விரல் படும் இடத்தில் வெள்ளை நூல் சுற்றிய கருநாண், சீரான உலோகப் பளபளப்புள்ள தண்டு ஆகியவையும் அவ்வாறே. கப்பி வைத்த வில்லுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கோரப்பட்டது 1966இல்தான். அதைப் பார்த்துப் பழகிய கண், பழைய வில்லிலும் நாணை இரட்டையாக வரைந்துவிடுவதுண்டு.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்களை நம்பலாமா?

இத்துறையில் நம்ப முடியாது. நாண் கீழ்முனையைச் சேராமல் காற்றில் முடிவதும், விரல்கள் நாணைத் தொடாமல் அம்பை மட்டும் பிடிப்பதும், அம்பு முன்கையை ஊடுருவிச் செல்வதும் அவற்றில் அடிக்கடி காணப்படுகின்றன. அவை கற்ற படங்களிலேயே முதுகுத் தூணியும் இரட்டைத் தோலுறையும் நிறைந்திருப்பதால், பழைய பிழைகளும் மெருகேறி வெளிவருகின்றன. மாதிரியாகக்கூட அவற்றை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஓவியர் எதைப் பார்த்துப் பயிலலாம்?

போர்ட்ஸ்மத்தின் மேரி ரோஸ் அருங்காட்சியகமும் பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் தம் பொருள்களின் படங்களை இணையத்தில் வைத்துள்ளன. மாமல்லபுரத்தின் மகிடாசுரமர்த்தினி குகையில் சிங்கத்தின்மீது வில்லோடு பாயும் கொற்றவையை நேரில் வரைந்து பழகலாம். நம் ஊர்ப்புறங்களில் தொகுத்து வைக்கப்பட்டுள்ள நடுகற்களை வரைந்து பழக அனுமதிச்சீட்டும் தேவைப்படாது. இவற்றோடு, இழுக்கும் உடலை நேரில் காண்பது இன்றியமையாதது. மாதிரியாக நிற்பவரிடம் ஓர் எளிய மூங்கில் வில்லைக் கொடுத்து, மெல்ல இழுக்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்பு பொருத்தாத நாணை இழுத்து வெறுமனே விட்டுவிடக் கூடாது. அம்புக்குச் செல்ல வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி அதை உடைத்துவிடக்கூடும் என்பதால், இழுத்த நாணைக் கையோடு பிடித்தபடியே தளர்த்தச் சொல்லுங்கள்.